ஸ்பிதி சாலையில் ஜிப்சியும் ஜிம்னியும்

சனி, சண்டிகர் – நார்க்கண்டா

மூன்று பேர், இரண்டு வண்டிகள். சித்தப்பாவிடம் 2014 மாடல் மாருதி ஜிப்சி கிங். என்னிடம் 2023-இல் வாங்கிய ஜிம்னி. சித்தப்பா ராணுவத்தில் ஈ.எம்.ஈ. பிரிவில் வண்டி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். வேலூர்ப் பக்கத்து ஊர்தான் எங்களுக்கு; ஆனால் அவர் ஓய்வுக்குப் பிறகும் சண்டிகரிலேயே தங்கிவிட்டார். சித்தியும் வருகிறார். ஹிமாசலப் பிரதேசத்தில் கின்னௌர் வழியாக ஏறி, ஸ்பிதி பள்ளத்தாக்கைச் சுற்றி, குன்சும் கணவாய் தாண்டி மணாலியில் இறங்குவது திட்டம். வழியில் அவ்வப்போது சாவியை மாற்றிக்கொள்வோம் என்று பேசி வைத்திருக்கிறோம். பழையதையும் புதியதையும் ஒரே கல்லில், ஒரே நாளில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இந்த இரண்டுக்கும் உள்ள உறவை முதலில் சொல்லிவிடுகிறேன். 1970-இல் சுசுகி, நான்கு சக்கரமும் இழுக்கும் ஒரு குட்டி வண்டியைக் கொண்டுவந்தது. 359 சிசி, இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின். அதன் மூல வடிவம் ஹோப் என்ற சிறு நிறுவனத்துடையது. சுசுகி அதை விலைக்கு வாங்கியது. 1981-இல் இரண்டாம் தலைமுறை வந்தது. முன், பின் சக்கரங்களுக்கு இடையே தூரம் கூடிய அதன் நீள வீல்பேஸ் வடிவம்தான் 1985-இல் குர்கானில் ஜிப்சி ஆனது. 1998-இல் வந்த மூன்றாம் தலைமுறை நம் ஊரில் விற்பனைக்கு வரவேயில்லை. 2018-இல் ஜப்பானில் நான்காவது வந்தது. அதையே நீட்டி, ஐந்து கதவு வைத்து, 2023 ஜூனில் இங்கே ஜிம்னியாக விற்றார்கள். ஆக, என் வண்டிக்கு சித்தப்பா வண்டி அப்பா இல்லை, தாத்தா. நடுவில் ஒரு தலைமுறையை நாம் பார்க்கவேயில்லை.

இன்றைய சாலையில் எழுத அதிகம் இல்லை. சோலன் தாண்டும்வரை அகலமான நெடுஞ்சாலை. எண்பதில் போனால் ஜிப்சிக்குள் பேச முடியாது. காற்றும் கியர்பாக்ஸும் சேர்ந்து இரைகின்றன. ஜிம்னியில் பாட்டுக் கேட்கலாம். ஆனால் ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருக்கும்போது நடுவில் கொஞ்சம் தொளதொளப்பு இரண்டிலும் உண்டு. கல்லில் சக்கரம் மோதினால் கையை உடைக்காமல் இருப்பதற்காக இரண்டிலும் பழைய பாணி ஸ்டீயரிங் பெட்டியையே வைத்திருக்கிறார்கள். நெடுஞ்சாலைக்காரர்கள் இதைக் குறையாகச் சொல்வார்கள். இந்த வண்டிகள் அவர்களுக்காகச் செய்தவை அல்ல.

ஞாயிறு, நார்க்கண்டா – கல்பா

காலையில் இறக்கம், ராம்பூர் வரை சட்லஜ் ஓரம். அப்புறம் தராண்டா பக்கம் பாறையைக் குடைந்து போட்ட சாலை. தலைக்கு மேலே பாறை கூரை மாதிரி நிற்கிறது, கீழே ஆறு. இந்த ஹிந்துஸ்தான் – திபெத் சாலையை 1850-இல் டல்ஹௌசி காலத்தில் தொடங்கினார்கள். அப்போது கோவேறு கழுதைகளுக்கான பாதை.

நீர்மின் திட்டங்கள் இருக்கும் பகுதியில் லாரிகள் சாலையை உழுது வைத்திருக்கின்றன. அங்கே நான் ஜிப்சியை எடுத்தேன். நான்கு பக்கமும் லீஃப் ஸ்பிரிங், அதாவது ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகள். சுமை ஏற்றினால்தான் அவை வளைந்து கொடுக்கும். இரண்டு பேரும் சில பைகளும் அவற்றுக்கு ஒரு சுமையே இல்லை. ஒவ்வொரு குழியும் நேராக இடுப்பில் வந்து இறங்குகிறது. வேகத்தைக் குறைத்தால் குலுக்கல், கூட்டினால் துள்ளல். மணிக்கு 20 கிலோமீட்டர் பக்கம் ஏதோ ஓர் இடத்தில் அது கொஞ்சம் சமாதானம் ஆகிறது. சித்தப்பா அந்த வேகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பிடிப்பார். எனக்கு மதியம் வரை பிடித்தது.

ஜிம்னியில் காயில் ஸ்பிரிங். அதே குழிகளில் வண்டி பக்கவாட்டில் ஆடுகிறது, ஆனால் உதைக்கவில்லை. சித்தி கர்ச்சம் வரை ஜிப்சியில் வந்தார். டீ குடிக்க நிறுத்தியபோது தலையணையை எடுத்துக்கொண்டு ஜிம்னியின் முன் சீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டார். “பத்து வருஷம் அந்த வண்டியில உக்காந்தாச்சு, போதும்” என்றார். சித்தப்பா பதில் பேசவில்லை.

கல்பாவில் மேகம் விலகி, மாலையில் கின்னர் கைலாஷ் முழுசாகத் தெரிந்தது.

திங்கள், கல்பா – நாகோ

ரெக்காங் பியோவுக்குக் கீழே பெட்ரோல் நிரப்பினோம். இரண்டு வண்டிக்கும் 40 லிட்டர் டேங்க். இனி காசாவில்தான் நிரப்புவதாக எண்ணம். மலையில் ஜிம்னி லிட்டருக்குப் பதின்மூன்று பக்கம் தருகிறது, ஜிப்சி பத்தைத் தொடவே சிரமப்படுகிறது. எனவே சித்தப்பா ஒரு கேன் கூடுதலாகக் கட்டிக்கொண்டார்.

பூ என்னும் ஊரைத் தாண்டியதும் மரங்கள் நின்றுவிடுகின்றன. காப் என்னும் இடத்தில் ஸ்பிதி ஆறு சட்லஜில் கலக்கிறது. இரண்டு மலைச் சுவர்களுக்கு நடுவே ஒரு பாலம். அங்கிருந்து கா வளைவுகள், கொண்டை ஊசி மேல் கொண்டை ஊசியாக. இந்த ஏற்றத்தில் இரண்டுமே சாதாரணக் கார் போல ஏறின.

விஷயம் நாகோவுக்கு அப்பால் இருந்தது. மாலையில் மலிங் நாலா என்னும் ஓடைப் பக்கம் வரை வண்டிகளிலேயே ஒரு நடை போய் வந்தோம். அங்கே சரிவு மண் ஓயாமல் சாலையில் இறங்கிக்கொண்டே இருக்கும். பிரதான சாலையை விட்டு ஒதுங்கிய பழைய தடம் ஒன்றில், ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம், அடுத்த அடியில் அதுவே தலைகீழ். சக்கரம் எவ்வளவு இறங்கும், எவ்வளவு ஏறும் என்று பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்றார் சித்தப்பா.

இரண்டிலும் முன்னும் பின்னும் ரிஜிட் ஆக்சில், அதாவது ஒரே தண்டாகக் குறுக்கே ஓடும் இரும்பு. ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் அந்தத் தண்டு சாய்ந்து, மறு சக்கரத்தைத் தரையை நோக்கி அழுத்தும். நடுவில் தொங்கும், இரண்டு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃப்ரன்ஷியல் குண்டும் கல்லோடு சேர்ந்து மேலே எழும்பிவிடும். கார்களில் இருப்பதுபோல் தனித்தனிச் சக்கரம் என்றால் கல்லுக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் இடையே இருக்கும் இடைவெளி குறைந்துபோகும். முன் ஆக்சிலும் இப்படித் தண்டாக இருக்கும் புது வண்டிகள் இன்று மிகவும் குறைவு. மஹிந்திரா தார் கூட முன்னால் தனித்தனி சஸ்பென்ஷனுக்கு மாறிவிட்டது. தாத்தாவிடமிருந்து பேரன் கைவிடாமல் எடுத்துவந்த முதல் சொத்து இது.

ஆனால் அந்தத் தண்டைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங்கில்தான் வேறுபாடு. மேடு பள்ளத்தில் ஜிப்சி ஏறியதும் அதன் பின் இடது சக்கரம் தரையை விட்டு ஒரு ஜாண் எழும்பி நின்றது. பட்டைகள் இறுகிக் கிடக்கின்றன, சக்கரம் கீழே இறங்க மறுக்கிறது. அதே இடத்தில் ஜிம்னியின் சக்கரம் நீண்டு இறங்கித் தரையைத் தொட்டபடியே போனது. நான் வெளியே நின்று இரண்டையும் பார்த்தேன். எஞ்சின் பற்றி எத்தனையோ பேச்சுக் கேட்டிருக்கிறேன். பிடிமானம் என்பது முதலில் சக்கரம் தரையில் இருப்பதுதான் என்பதை இவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை.

செவ்வாய், நாகோ – காசா

நல்ல சாலை பாதி, புழுதி பாதி. தாபோ மடத்தில் நின்றோம். 996-இல் மண்ணால் கட்டியது. உள்ளே இருட்டில் கண் பழகியதும் சுவர் முழுக்க ஓவியங்கள் மெல்ல வெளிப்படுகின்றன. படம் எடுக்க அனுமதி இல்லை, அது நல்லதுதான்.

காசாவில் இரவு. இங்கே இருக்கும் பெட்ரோல் பங்க் 3,740 மீட்டரில் இருக்கிறது. உலகிலேயே மிக உயரமானவற்றில் ஒன்று. சித்திக்கு லேசான தலைவலி. நாளை மெதுவாகத்தான் கிளம்புவோம்.

புதன், லாங்சா – ஹிக்கிம் – கோமிக்

இன்று முழுக்க மூச்சு பற்றிய நாள். எங்களுக்கும், வண்டிகளுக்கும்.

கோமிக் கிராமம் சுமார் 4,587 மீட்டரில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஆறு பங்குக்கும் கீழே, அதாவது பத்துக்கு ஆறு கூட இல்லை. டர்போ உள்ள எஞ்சின் காற்றை அமுக்கி உள்ளே தள்ளிக்கொள்ளும். இந்த இரண்டு வண்டிக்கும் டர்போ கிடையாது. தானாக உறிஞ்சும் காற்றை நம்பித்தான் பிழைப்பு. எனவே இரண்டும் தங்கள் பலத்தில் ஏறத்தாழ 40 விழுக்காட்டை இங்கே இழக்கின்றன. ஜிப்சியின் 1.3 லிட்டர் எஞ்சின் கீழே 80 குதிரைத்திறன். இங்கே ஐம்பதுக்குக் கீழ். ஜிம்னியின் 1.5 லிட்டர் கீழே 103. இங்கே அறுபது பக்கம்.

கேட்டால் ஜிம்னி எளிதாக ஜெயித்துவிடும் என்று தோன்றும். லாங்சா ஏற்றத்தில் இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டினேன். வேறுபாடு கிட்டத்தட்ட இல்லை! காரணம் எடை. ஜிப்சி ஆயிரம் கிலோவை ஒட்டி. ஜிம்னி ஆயிரத்து இருநூறு. குதிரைத்திறனை எடையால் வகுத்துப் பாருங்கள், இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். கூடுதலாக வந்த பலத்தை ஏர்பேக், கதவுகளுக்குள் இருக்கும் இரும்பு, ஏசி, கண்ணாடி எல்லாம் தின்றுவிட்டன. ஆறு ஏர்பேக் எடையை நான் மனதார ஏற்றுக்கொள்கிறேன். ஜிப்சியில் ஒன்றுகூட இல்லை. பின்னால் பக்கவாட்டில் பார்த்து உட்காரும் பெஞ்சில் குழந்தைகளை உட்காரவைத்து இந்த மலையில் யாரும் போகக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. 2019 வாக்கில் ஜிப்சி விற்பனை நின்றதற்குப் புதிய பாதுகாப்பு விதிகள்தான் காரணம். அந்த வண்டியை எவ்வளவு நேசித்தாலும் அந்த விதிகள் சரியானவை.

சித்தப்பா லே பகுதியில் வேலை பார்த்தபோது கார்புரேட்டர் ஜிப்சிகள்தான் இருந்தன. ஜெட் என்னும் சிறு துளை வழியாகப் பெட்ரோல் காற்றில் கலக்கும் வகை. “மேல ஏறினா கரும்புகையா கக்கும்டா. காத்து கம்மி, பெட்ரோல் அதே அளவு. ஜெட்டை மாத்தி வைப்போம். கீழ எறங்கினா மறுபடி மாத்தணும்.” 2000-இல் பெட்ரோலைக் கணினி அளந்து தெளிக்கும் எம்.பி.எஃப்.ஐ. வந்த பிறகு அந்த வேலை போனது. காற்று குறைந்தால் பெட்ரோலையும் கணினியே குறைத்துக்கொள்ளும். ஜிப்சியின் வாழ்நாளில் நடந்த மிகப் பெரிய மாற்றம் அதுதான் என்கிறார். எலும்புக்கூடு 1985-இல் வந்ததுதான் கடைசிவரை. அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை: “அதனாலதான் எந்த ஊர்ல நின்னாலும் பார்ட்ஸ் கிடைச்சுது.”

என்னுடையது மேனுவல் கியர். ஆட்டோமேட்டிக் ஜிம்னியில் நான்கே கியர். இந்த உயரத்தில், இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே எஞ்சின் திணறும் இடைவெளி பெரிதாக இருக்கும். ஸ்பிதிக்கு வரும் எண்ணம் இருப்பவர்கள் மேனுவலையே எடுங்கள்.

ஹிக்கிம் தபால் நிலையத்தில் சித்தி ஊருக்கு ஒரு கார்டு போட்டார்.

வியாழன், காசா – லோசர்

கிப்பர் வழியாகச் சிச்சம் பாலம் பார்த்துவிட்டு வந்தோம். 2017-இல் திறந்தது. அதற்கு முன்னால் ஊர்க்காரர்கள் கம்பியில் தொங்கும் கூடையில்தான் அந்தப் பள்ளத்தைக் கடந்தார்கள். கீழே எட்டிப் பார்க்க எனக்கு ஒரு முறை போதுமாக இருந்தது.

லோசரில் சீக்கிரம் தங்கிவிட்டோம். மதியம் முழுக்கச் சித்தப்பா ஜிப்சிக்குக் கீழே. ஒரு லீஃப் பட்டையின் கண்ணியில் இருக்கும் ரப்பர் புஷ் கிழிந்து சத்தம் வந்தது. கையில் இருந்த பழைய டியூப் துண்டை வெட்டிச் சுற்றி இறுக்கினார். மணாலி வரை போதும் என்றார். லீஃப் ஸ்பிரிங்கின் பெருமை இதுதான். அதுவே ஸ்பிரிங், ஆக்சிலைப் பிடித்து நிறுத்தும் கையும் அதுவே. லாரிப் பட்டறை இருக்கும் எந்த ஊரிலும் ஒரு பட்டை செய்து போடலாம். ஜிம்னியில் காயில் ஸ்பிரிங் எடையைத் தாங்க மட்டும். ஆக்சிலைப் பிடிக்கத் தனியே மூன்று கைகள், ஒவ்வொன்றுக்கும் புஷ்கள். நாகோவில் பார்த்த அந்த நீண்ட இறக்கத்துக்கு நாம் கொடுக்கும் விலை அது. லோசரில் உட்கார்ந்திருக்கும்போது அது சின்ன விலை இல்லை.

வெள்ளி, லோசர் – சந்திரதால்

காலை ஏழுக்கு முன் கிளம்பினோம். குன்சும் கணவாய், 4,551 மீட்டர். கோயிலைச் சுற்றிவிட்டு இறக்கம். சந்திரதாலுக்குப் பிரியும் தடம் ஒரு வண்டி அகலம். எதிரே இன்னொன்று வந்தால் யாராவது பின்னால் போக வேண்டும். எதிரே பெரிய எஸ்.யு.வி.கள் வந்தபோது எங்கள் இரண்டு வண்டிகளும் ஓரத்தில் ஒடுங்கி வழிவிட்டன. ஜிப்சி 1,540 மில்லிமீட்டர் அகலம், ஜிம்னி 1,645. இரண்டாவது சொத்து இது. தளர்ந்த விளிம்பில் நிற்கும்போது ஆயிரத்துச் சொச்சம் கிலோவோடு நிற்பதும் இரண்டு டன்னோடு நிற்பதும் ஒன்றல்ல.

ஏரி நீலம் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சனி, பாதல் – மணாலி

இந்தப் பயணத்தின் முக்கியமான சாலை இது. பாதலிலிருந்து சத்ரு வழியாகக் கிராம்பூ வரை பெரும்பகுதியை சாலை என்று சொல்வதற்கில்லை. சந்திரா ஆற்றின் ஓரத்தில் உருண்ட கற்கள், அவற்றுக்கு மேலே பனிப்பாறையிலிருந்து இறங்கும் ஓடைகள். வெயில் ஏற ஏறப் பனி உருகித் தண்ணீர் கூடும். எனவே ஓடைகளைக் காலையில் கடந்துவிட வேண்டும்.

பெரிய ஓடையில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே. சித்தப்பா இறங்கி ஜிப்சியின் முன் ஹப்களை, அதாவது முன் சக்கரங்களின் நடுக் குமிழ்களை, கையால் திருகி லாக் செய்தார், லோ கியர் போட்டார். நான் வண்டியை நிறுத்தி, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, லீவரை 4எல்-க்கு, அதாவது நான்கு சக்கரமும் மெதுவாக, பலமாக இழுக்கும் நிலைக்குத் தள்ளினேன். இரண்டிலும் லீவர்தான், பட்டன் இல்லை. இரண்டிலும் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே டிஃப்ரன்ஷியல் இல்லை. பூட்டியதும் இரண்டும் ஒன்றாகச் சுற்றும்.

ஆனால் ஒவ்வொரு ஆக்சிலுக்குள்ளும் இருப்பது சாதாரண டிஃப்ரன்ஷியல். பிடிமானம் இல்லாத சக்கரத்துக்கே அது சுழற்சியை ஓடவிடும். ஜிப்சி ஓடையின் நடுவில் நின்றது: முன் வலது, பின் இடது இரண்டும் வழுக்கி வீணாகச் சுற்றுகின்றன, மற்ற இரண்டும் அசையவில்லை. சித்தப்பா பதறவில்லை. இடது காலால் பிரேக்கை லேசாக அழுத்திக்கொண்டே ஆக்சிலரேட்டர் கொடுத்தார். சுற்றும் சக்கரத்துக்கு எதிர்ப்பு வந்ததும் மறு பக்கத்துக்குக் கொஞ்சம் பலம் போனது. ஒரு அடி பின்னால், ஒரு அடி முன்னால், மறுபடி. வெளியே வந்துவிட்டார்.

நான் அதே வழியில் போனேன். அதே கல், அதே இரண்டு சக்கரம் வழுக்கின. கால் மிதியின் கீழே டர்ர் என்று ஓர் அதிர்வு. வண்டி தானாகவே வழுக்கும் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து, பலத்தை மறு பக்கம் அனுப்பியது. நான் செய்தது ஆக்சிலரேட்டரைச் சீராக வைத்திருந்தது மட்டும். சித்தப்பா இடது காலால் செய்ததையே கணினி செய்கிறது. ஆனால் அவர் நான்கு சக்கரத்தையும் சேர்த்துத்தான் பிடிக்க முடியும், அது ஒன்றை மட்டும் தேர்ந்து பிடிக்கும். முப்பது வருட அனுபவத்தில் வரும் வித்தையை அது புதிதாக ஓட்டுபவருக்கும் கொடுத்துவிடுகிறது. இதில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. மலையில் மாட்டிக்கொள்ளாமல் வீடு திரும்புவது எல்லோருக்கும் கிடைக்க வேண்டும்.

அடுத்த கால் மணி நேரத்தில் கதை மாறியது. ஓடை அரித்துக் குவித்த ஒரு கல் மேடு. ஜிப்சி ஏறி இறங்கிப் போய்விட்டது. ஜிம்னியின் முன் சக்கரம் மேட்டைத் தாண்டி இறங்கியதும் அடியில் கர்ரென்று உரசல். காரணம் வீல்பேஸ். ஜிப்சிக்கு 2,375 மில்லிமீட்டர். மூன்று கதவு ஜிம்னிக்கு 2,250. ஐந்து கதவுக்காக அதை 340 மில்லிமீட்டர் நீட்டி 2,590 ஆக்கினார்கள். தரையிலிருந்து உயரம் இரண்டு வண்டிக்கும் 210 தான், ஆனால் நீளும்போது வயிறு மேட்டில் தட்டும். வயிறு தட்டாமல் தாண்டக்கூடிய மேட்டின் கோணம் மூன்று கதவுக்கு 28 பாகையாக இருந்தது, ஐந்து கதவில் 24 ஆகிவிட்டது. குடும்பத்தோடு போக நம் ஊருக்குப் பின் கதவு தேவை என்பது புரிகிறது. இந்த நீள வண்டியை ஜப்பானிலேயே 2025-இல் நோமேட் என்ற பெயரில் விற்பதாக அறிவித்தபோது நான்கே நாளில் ஐம்பதாயிரம் பேர் பதிவு செய்து, முன்பதிவையே நிறுத்தும்படி ஆனது. ஆனால் இங்கே மூன்று கதவையும் கூடவே விற்றிருக்கலாம். இந்தச் சாலைக்கு அதுதான் வண்டி.

கிராம்பூ, கோக்சர், அப்புறம் அடல் சுரங்கம். ஒன்பது கிலோமீட்டர் மென்மையான சாலையில் காது விட்டுப்போன மாதிரி அமைதி. மறுபக்கம் தேவதாரு மரங்கள்.

ஞாயிறு, மணாலி

இரண்டு வண்டிகளையும் கழுவிவிட்டு அடியில் பார்த்தோம். ஜிம்னியின் அடியில் உரசல் கோடு. பெயிண்ட் போயிருக்கிறது, வளைவு இல்லை. ஜிப்சியில் டியூப் துண்டு அப்படியே நிற்கிறது, ஆனால் பின் பட்டை ஒன்றில் மயிரிழை விரிசல் தெரிகிறது.

நான் சித்தப்பாவிடம் நேராகக் கேட்டேன், நாளைக்கே மறுபடி இந்தச் சுற்றுக்குப் போவதாக இருந்தால் எதை எடுப்பீர்கள் என்று. அவர் யோசித்துத்தான் சொன்னார். “சித்தி வந்தா உன்னது. நான் மட்டும்னா என்னது. ஆனா என் வண்டிக்கு உன் ஸ்பிரிங்கை மாட்ட முடியுமான்னு பாக்கணும்.” என் பதில் ஜிம்னிதான், இரண்டு சூழ்நிலையிலும். அந்த ஸ்பிரிங்குக்காகவும், ஓடையில் ஒற்றைச் சக்கரத்தைப் பிடித்த அந்த பிரேக்குக்காகவும்.

கீழ் பஜாரில் ஒரு பட்டறையில் பட்டை செய்து தருகிறேன் என்றிருக்கிறார்கள், மதியத்துக்குள் முடிந்துவிடும். நாளை காலை சண்டிகர். சித்தி என் வண்டியில் வருகிறார்.